அம்சவேணியின் நட்சத்திரம்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் அம்சவேணி பிறந்தது மூல நட்சத்திரத்தில். மாமனாருக்கு ஆகாத நட்சத்திரம் என்று வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போக, அவள் அப்பா ஜாதகத்தில் ரோகிணி என்று மாற்றி எழுதிக் கல்யாணத்தை முடித்துவிட்டார். முப்பத்தோரு வருடமாகக் கோயிலில் அவளுக்கு ரோகிணி அர்ச்சனைதான். அத்தனையும் வேறு எவளோ ஒரு ரோகிணிக்காரிக்குப் போய்ச் சேர்ந்ததோ என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரியும்.

போன மாதம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்து அவர் வீடு திரும்பிய மறுநாள், அவள் தனியாகக் கோயிலுக்குப் போனாள்.

குருக்கள் கேட்காமலே, "அம்சவேணி, ரோகிணி" என்று ஆரம்பித்தார்.

"ரோகிணி இல்ல சாமி, மூலம்."

குருக்கள் எடுத்த பூவைத் தட்டிலேயே வைத்தார். "இத்தனை வருஷமா ரோகிணின்னுதானேம்மா சொன்னே?"

"அது ஊருக்குச் சொன்னது. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு மாமாவைக் காப்பாத்துன்னு அழுதப்போ, அந்தக் கடவுள் என்னை நட்சத்திரமா கேட்டாரு? நான் யாருன்னு தெரிஞ்சிதானே இத்தினி வருஷமா நான் வேண்டுறதைக் கேட்டுக்கினு இருக்காரு!"

வீட்டில், எண்பத்தாறு வயது மாமனார் திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டினார்.

"யார் பேர்ல அர்ச்சனைம்மா?"

"என் பேர்லதான் மாமா," என்றாள் அம்சவேணி. "மொத மொதல்ல."