ராகு காலத்தில் கட்டிய கிட்

சோதனைக்காக ஊர்ப்பெயர்களை அச்சிட்டு, பிரிண்டரிலிருந்து கிழித்த தாளில், தாழையூத்தின் ‘ழ’ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் இருந்தது. அதை அக்காவிடம் நீட்டினேன். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் மூன்றே பேர் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி அது. முதலாளி அண்ணாச்சி, நிரல் எழுதும் அக்கா, பிளாப்பி நகலெடுத்து லேபிள் ஒட்டும் நான்.

வெளியூர்க்காரர்கள் தங்கள் நிரல்களில் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தேவையான தொகுப்புகள், மாதிரிகள், விளக்கக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்ததை ‘கிட்’ என்போம். ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து நான் கையால் பிளாப்பிகளில் போடுவேன். ஏதாவது விட்டுப்போகும். அதனால் அக்கா ஒரு கட்டளைக் கோப்பு எழுதினாள். ஒவ்வொரு தொகுப்பிலும் எந்தக் கோப்பு புதியது என்று, கம்ப்யூட்டர் அதில் பதிந்திருக்கும் நேரத்தைப் பார்த்து, அதுவே எடுத்து அடுக்கிவிடும். அண்ணாச்சிக்கு நம்பிக்கையில்லை. “இன்னிக்கு ஒரு தடவ பாப்போம். சொதப்புனா பழையபடி கைதான்” என்றிருந்தார். மாலை சென்னை ரயிலில் பார்சல் ஏறாவிட்டால் ஆர்டரும் போய்விடும்.

நிரலைத் தொகுப்பாக உருவாக்குவதைக் ‘கட்டுவது’ என்போம். சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணி வாக்கில் அக்கா கட்டிய தொகுப்பில் ‘ழ’ தவறாக இருந்தது. அக்கா அதைத் திருத்தி, மூன்று மணிக்கு மேல் மறுபடி கட்டினாள். ஆனால் கிட்டில் பழையதே ஏறியிருந்தது.

“பாத்தியா தாயி, மிஷினுக்கு என்ன தெரியும்?” என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீ உக்காந்து கையாலயே போடு.”

நான் அசையாமல் அக்காவைப் பார்த்தேன். அவள் நகத்தைக் கடித்தபடி திரையில் இரண்டு கோப்புகளின் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புதியது பழையதற்கும் முன்னால் கட்டப்பட்டதாகக் காட்டியது.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் மணியத் தொட்டியளா?”

“செவ்வாக்கெழம மூணு மணி ராகு காலம்லா? நீ மூஞ்சி கழுவப் போனப்ப பைய ஒரு மணிக்குத் திருப்பிவச்சேன். நல்ல நேரத்துல கட்டுன மாதிரி இருக்கட்டும்னு. அதுக்கென்ன இப்ப?”

அக்கா சிரிக்கவில்லை. “கையால போட்டா இன்னிக்குப் பார்சல் போயிரும் அண்ணாச்சி. அடுத்த தடவ?” என்றாள். மணியைச் சரிசெய்து, தொகுப்பைத் திரும்பக் கட்டி, கட்டளையை ஓடவிட்டாள். நான் பிளாப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டே நின்றார் அண்ணாச்சி. பிரிண்டர் இரைந்தது. ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் தாழையூத்து முழுதாக வந்தது. அண்ணாச்சி பார்சலைப் பிடுங்கிக்கொண்டு ஜங்ஷனுக்குப் பறந்தார். ரயில் கிளம்பும் சமயத்தில்தான் ஏற்ற முடிந்ததாம்.

இப்போது என் செல்போனில் எல்லாம் எப்போதோ தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. எந்த நேரத்தில் என்று யாரும் கேட்பதில்லை. அன்றோ, அந்தப் பார்சல் போன அடுத்த செவ்வாய்க்கிழமையே அண்ணாச்சி கேட்டார். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து தயங்கி நின்றார்.

“தாயி, நாம பொத்தான அமுக்குனாத்தான நாம ஆரம்பிச்ச கணக்கு? காலையிலயே சொல்லிவச்சுட்டா, மூணு மணிக்கு அது தன்னால ஆரம்பிக்குமா?”

“ஆரம்பிக்கும் அண்ணாச்சி.”

“அப்ப சரி. தோஷம் மிஷினுக்குத்தான்.”