வெளியே ஒன்றும் மாறவில்லை, அண்ணாச்சி

மொபைல் ஆப் எழுதும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் கற்ற வித்தை எப்போது செல்லாமல் போகும் என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை, அதைத் தீர்மானிக்க வேறு நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் விருதுநகரில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். பட்டாசு கம்பெனிகளுக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் எழுதித் தருகிறோம். ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட வைக்கும் பிரேம்வொர்க் ஒன்றை வருஷக்கணக்காக நம்பியிருந்தோம். இனி அதற்கு ஆதரவு கிடையாது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. உங்களுக்கும் அது வந்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அமுக்கினால் போதும்

என்னையும் என்னோடு வேலை பார்க்கும் முருகேசனையும் முதலாளி ஒரு பயிற்சி வீடியோவுக்கு முன்னால் உட்கார வைத்தார். அதில் ஒருவர் சிரித்த முகத்தோடு ஒரு பட்டனை அமுக்கினார். பழைய ஆப் புதிய பிரேம்வொர்க்குக்கு மாறிவிட்டது. நாங்களும் அமுக்கினோம். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள். ஒன்றைச் சரிசெய்தால் அதன் பின்னாலிருந்து இன்னும் சில எழுந்து வந்தன. பிறகுதான் கவனித்தோம், அவருடைய ஆப் ‘வணக்கம்’ சொல்வதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

இதையெல்லாம் முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பட்டனை அமுக்கியாச்சுல்ல? அப்ப பார்ட்டிகிட்ட முடிஞ்சிருச்சுன்னு சொல்லிரலாமா?”

கேட்டோடு சரி

ஒருவழியாக ஆப் திறந்தது. நாரணாபுரத்தில் எங்களிடம் ஆப் வாங்கியிருந்த பட்டாசு கம்பெனி ஆபீசிலுள்ள பிரிண்டரோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் நான் கொண்டுபோன ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். வெடிமருந்து புழங்கும் இடத்தில் அது நியாயமான விதிதான். ஆனால் நான் வந்திருப்பதே போனிலுள்ள ஆப்பைச் சோதிக்கத்தான் என்று விளக்கினேன். அவர் நல்ல மனுஷர். கொஞ்சம் யோசித்து எனக்கொரு வழி கண்டுபிடித்தார்.

“ஆப்பைக் கொண்டு போங்கம்மா, யாரு வேண்டாங்கா? போன் மட்டும் இங்கன இருக்கட்டும்.”

உள்ளே எல்லாம் புதுசு

வேலை முடிந்து, அந்தக் கம்பெனியின் முதலாளி அண்ணாச்சியை எங்கள் ஆபீசுக்கு வரவழைத்து ஆப்பைக் காட்டினோம். அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “என்னம்மா மாத்தியிருக்கீக?” என்றார். வெளியே ஒன்றும் மாறவில்லை, உள்ளே அத்தனையும் மாற்றிவிட்டோம் என்றேன், பெருமையாகத்தான். அவர் போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“நான் இப்படிச் சொல்லிப் பட்டாசு வித்தா, கடைக்காரன் லோடோட திருப்பி அனுப்பிருவான்மா.”

செல்லத்துரைக்கு வந்த யோகம்

புதிய ஆப்பை முதலில் ஒருவருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். அந்தப் பாக்கியம் ஒடிசாவில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்த, அண்ணாச்சி கம்பெனி சேல்ஸ்மேன் செல்லத்துரைக்குக் கிடைத்தது. சிக்னல் இல்லாத ஊர்களில் அவர் எடுத்த ஆர்டர்கள் எல்லாம் அவர் போனில்தான் இருந்தன, இன்னும் கம்பெனிக்கு வந்து சேரவில்லை. தீபாவளி சீசன். ஆப்பைப் புதுப்பித்துத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

போனில் அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “எல்லாம் போயிருச்சா மேடம்?” என்று மெல்லத்தான் கேட்டார். ஆப்பை அழித்துவிட வேண்டாம், போனைத் தொடாமல் வைத்திருங்கள் என்றேன்.

நானும் முருகேசனும் சாப்பாட்டை மறந்து தேடினோம். ஆர்டர்கள் அழியவில்லை. பழைய ஆப் அவற்றை ஓரிடத்தில் வைத்திருந்தது, புதியது வேறோரிடத்தில் தேடிக்கொண்டிருந்தது. பழைய இடத்தையும் பார்க்கச் சொல்லித் திருத்தி அனுப்பினோம். சாயங்காலம் செல்லத்துரை கூப்பிட்டார்.

“ஆர்டர் அம்புட்டும் வந்திருச்சு மேடம். இனிமே நல்லது பண்றதா இருந்தா, முதல்ல வேற யாருக்காவது பண்ணுங்க.”

மொத்தத்தில், நேற்று ஓடிய ஆப்பை இன்றும் ஓட வைக்கத்தான் இத்தனை பாடும் என்றாலும், என் பயோடேட்டாவில் அதற்கு முன்னேற்றம் என்றுதான் பெயர்.