ஆனந்தமேரியின் குரல்

என் நாத்தனார் ஆனந்தமேரி திண்டுக்கல்லில் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றிப் பிழைத்தவள். பெரிய வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் கோவிலில் அவள்தான். சேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா மடியில் கிடத்தும்போது, மாதா அழுவதாகப் புலம்பல் பாட வேண்டும். அவள் அந்த மெல்லிய குரலில் தொடங்கினால் ஆண்பிள்ளைகளும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

அறுபத்து நாலாம் வருஷம் அவளுக்கு உடம்பு வெளுத்தது. தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றியது. ஈறில் ரத்தம் கசிந்தது. மதுரை டாக்டர் எலும்பில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு, "எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறது நின்னு போச்சும்மா" என்றார். ரத்தம் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பல மாதம் கழித்து, தேவ கிருபையால், ரத்தம் தானாக ஊற ஆரம்பித்தது. நாலாக இருந்த ரத்த அளவு ஒன்பதுக்கு ஏறிவிட்டதென்று அவள் புருஷன் அருள்நாதன் தெருவுக்கே பொரிகடலை கொடுத்தார்.

ஆனால் ஆண் ஹார்மோன் கலந்த அந்த மாத்திரை அவள் குரலை ஆண்பிள்ளைக் குரலாக்கிவிட்டது. மேலுதட்டில் முடியும் அரும்பியது.

"ஏ மேரி, இனி இந்த வீட்ல ரெண்டு ஆம்பள. உனக்கும் ஒரு வேட்டி எடுத்துரட்டா?" என்று கேலி செய்வார் அவர்.

"எடுங்க. அப்படியே உங்களுக்கு ஒரு சேலை எடுத்துக்கங்க. நாளையிலருந்து சோறு நீங்க ஆக்குங்க" என்று அவளும் சிரிப்பாள்.

என்னிடம் மட்டும் கேட்டாள்: "மதினி, இந்தக் குரலை வச்சுக்கிட்டு மாதா புலம்பல எப்படிப் பாடுவேன்?"

டாக்டரிடமும் கேட்டிருக்கிறாள். "குரலு கெடக்கட்டும்மா. மாத்திரையை மட்டும் விட்டுராத" என்றாராம்.

மறு வருஷம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் வந்தது. எங்களில் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார். என்ன விட்டோம் என்று வெளியே சொன்னால் ஒறுத்தலுக்குப் பலனில்லை என்பார்கள். அதனால் அவள் எதை விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று அவள் மாதா சுரூபத்தின் முன் எழுந்து நின்றாள். முகம் மறுபடி வெளுத்திருந்தது. உபவாசத்தினால் என்று நினைத்தோம். வாயைத் திறந்தாள். அதே கட்டைக் குரல். பின்னாலிருந்த இளவட்டங்கள் சிரித்தார்கள். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

அருள்நாதன் ஓடிப்போய்த் தாங்கினார். "மாத்திரை சாப்டியா இல்லையாடி?"

"மாதாவுக்காக விட்டேங்க. குரலு வந்துரும்னு நெனச்சேன். ஈஸ்டரு கழிச்சுத் திரும்பச் சாப்பிடலாம்னு..."

மதுரைக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்ற ஏற்ற வடிந்தது. மாத்திரையை விட்டாலும் போன குரல் திரும்பாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அருள்நாதன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஈஸ்டர் அன்று காலையில் கண்ணைத் திறந்தாள். "என்னங்க, குரலு கொஞ்சம் தேறியிருக்குல்ல?"

"தேறிருச்சு தாயி. முந்தி மாதிரியே இருக்கு."

அன்று மதியம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு, குரல் தேறிவிட்டதென்று சொன்ன பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று அருள்நாதன் என்னைக் கேட்டார்.