இடது கால் முதலில்

கல்கத்தா பஸ்கள் நிற்பதில்லை. நிற்பதாகப் பாவனை செய்யும். நிறுத்தம் வந்ததும் வேகம் கொஞ்சம் குறையும், கண்டக்டர் தகரத்தில் படபடவென்று தட்டுவார், அந்த இடைவெளியில் இறங்கிக்கொள்ள வேண்டியது நம் சாமர்த்தியம். பெண்கள் இறங்கும்போது மட்டும் மந்திரம் மாதிரி ஒன்று சொல்வார்கள்: "ஆஸ்தே லேடீஸ்! பாம் பா ஆகே!" பெண் இறங்குகிறாள், மெதுவாகப் போ என்பது டிரைவருக்கு. இடது காலை முதலில் வை என்பது இறங்குகிறவளுக்கு. இடது காலை முதலில் வைத்தால் உடம்பு பஸ் போகும் பக்கமே போகும், விழ மாட்டோம். பவானிபூர் வீட்டிலிருந்து சால்ட் லேக் ஆபீசுக்குப் பதினைந்து வருடம் அப்படித்தான் போய் இறங்கினேன்.

பிறகு ஒரு விபத்தில் போனது அந்த இடது கால்தான், முழங்காலுக்கு மேலேயே. விபத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

முதலில் கிடைத்த செயற்கைக் காலை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குத் திரும்பினேன். ஆனால் அதன் முழங்கால் ஒரு மடக்கு நாற்காலி. நேராக ஊன்றினால் நிற்கும், சற்று வளைந்து ஊன்றினால் படக்கென்று மடங்கிவிடும். படி இறங்கும்போது குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்க வேண்டும். எனக்காகப் பஸ்ஸை முழுவதுமாக நிறுத்துவார்கள். யாராவது முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். பஸ் முழுக்க "ஆஹா ரே" என்று ஒரு பெருமூச்சு எழும். ஐயோ பாவம் என்று அர்த்தம். நல்ல மனிதர்கள்தான், தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் ஐம்பது பேரிடம் அதை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தால் அன்றைய பொழுது விளங்குமா? அந்த ஆஹாரேயை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, முழங்காலுக்குள் சின்னக் கம்ப்யூட்டர் வைத்த கால் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதாகக் கால் பொருத்துகிறவர் சொன்னார். இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள், பிறகு திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். போட்டுக்கொண்டு நேராக எங்கள் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் நின்றார். நான் மேலேயிருந்து இறங்கினேன். கால் மாற்றிக் கால், ஒரு படிக்கு ஒரு கால்! செயற்கைக் காலில் முழுப் பாரத்தையும் போட்டால் அது மடங்காமல் மெல்ல மெல்ல வளைந்து என்னை அடுத்த படியில் இறக்கி விட்டது. கீழே போனதும் மறுபடி ஏறி மறுபடி இறங்கினேன். நான்கு முறை. டிக்கெட் கொடுக்கிறவர் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கென்ன, பார்க்கட்டும். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் நடக்கிற காரியமில்லை. ஆபீசில் எல்லாருக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் இருந்தது. எழுதிப் போட்டேன். மூக்குக் கண்ணாடி, கைத்தடி, காது கேட்கும் கருவி போன்ற வெளிச்சாதனங்களுக்குப் பணம் தருவதில்லை என்று பதில் வந்தது. கால் வெளிச்சாதனமாம்! கண்ணாடியைக் கழற்றிவிட்டுக்கூட உங்கள் ஆபீசுக்கு வந்துவிடுவேன், காலைக் கழற்றிவிட்டு எப்படி வர என்று திருப்பி எழுதினேன். அதற்கும் அதே பதில்தான். மூன்றாவது கடிதத்துக்கு முன்னால் பாலிசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. விபத்துக்கு முன்பு போலவே வேலைக்குப் போய்வர அவசியமான உதவிகளைப் பரிசீலிக்கலாமாம். அதைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினேன். ஒரு சர்வேயர் வந்து பார்ப்பார், அவர் எழுதுவதுதான் முடிவு என்றார்கள். கால்களை மதிப்பிட அவர்களிடம் ஆள் இல்லை. மோதிய கார்களை மதிப்பிடுகிறவரை அனுப்பினார்கள். வருகிற நாள் வெள்ளிக்கிழமை. முன்பே திருப்பிக் கொடுத்திருந்த புதுக் காலை அவருக்குக் காட்டுவதற்காக மறுபடி இரவல் வாங்கினேன், சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

முந்தின நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது.

"இங்க பாரு, அவரு முன்னால ஜோரா நடந்து காட்டிடாத. நல்லாத்தான நடக்கறீங்க, எதுக்கு இன்ஷூரன்ஸ்னு எழுதிட்டுப் போயிடுவாரு. கொஞ்சம் நொண்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

"புதுக் காலப் போட்டுக்கிட்டு நொண்டினா, அப்புறம் இந்தக் காலு எதுக்குன்னு கேக்க மாட்டாராங்க?"

அவர் யோசித்தார். "ரெண்டுக்கும் நடுவுல நொண்டு."

சர்வேயர் காலையிலேயே வந்துவிட்டார். தலை நரைத்த வங்காளி, கையில் டார்ச். எங்கள் பேச்சு வங்காள மொழியில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன். நாற்காலிமேல் வைத்திருந்த பழைய காலை எடுத்து முழங்காலை மடக்கி நீட்டினார். புதுக் காலுக்கு ஒரு சார்ஜ் எத்தனை நேரம் வரும், மழைத் தண்ணீரில் நனையலாமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எஞ்சின் நம்பர் ஒன்றைத்தான் கேட்கவில்லை. பிறகு, "நடங்கள் மேடம்" என்றார்.

நடந்தேன். நொண்டவும் பார்த்தேன். அந்தக் கால் எங்கே விட்டது? நான் தடுமாறுவது போலச் செய்தால் உடனே தாங்கிப் பிடித்து நிமிர்த்திவிட்டது. வேறு வழி தெரியாமல் வலது காலை இழுத்து இழுத்து வைத்தேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். "மேடம், அடி பட்டது இடது பக்கம்தானே? வலது பக்கம் ஏன் இழுக்கிறது?"

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. எல்லாம் போச்சு, பொய் சொல்லிப் பணம் கேட்டவள் என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். கூடவே கோபமும் வந்தது, கோபத்தில் உண்மையும் வந்துவிட்டது.

"நடித்தேன், தப்புதான். நன்றாக நடந்தால் நீங்கள் தர மாட்டீர்கள் என்று பயம். இந்தக் காலில் நான் நன்றாக நடக்கிறேன், மிக நன்றாக நடக்கிறேன். அதனால்தான் இது எனக்கு வேண்டும். யார் கையையும் பிடிக்காமல், யாரும் ஆஹா ரே சொல்லாமல், எல்லாரையும் போல என் ஆபீசில் போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான்."

அவர் ஃபைலை மூடிப் பைக்குள் வைத்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. "ஆபீசுக்கு எதில் போவீர்கள்? பஸ்ஸா? கிளம்புங்கள், நானும் வருகிறேன்."

பஸ்ஸில் எனக்கு லேடீஸ் சீட் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் எங்கோ நெருக்கத்தில் நின்றார். சால்ட் லேக் வரும் வரை என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்து சீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கும். நிறுத்தம் நெருங்கியதும் எழுந்து வாசலுக்குப் போனேன். புதுக் கண்டக்டர், என்னை முன்பின் பார்த்தவரில்லை. பஸ் வேகத்தைக் குறைத்தது. நிற்கவில்லை. நான் ஒரு கணம் தயங்கினேன். சீக்கிரம் இறங்கச் சொல்லி அவர் கத்தினார்.

"தாராதாரி நாமுன், திதி! வீட்டில் தூங்கிவிட்டு வரக் கூடாதா? பாம் பா ஆகே!"

இடது காலை வைத்தேன். முழங்கால் லேசாக வளைந்தது, தாங்கியது, வலது கால் அடுத்த எட்டை எடுத்தது. மூன்று எட்டு ஓடி நின்றேன். பஸ் போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடைபாதையில் தனியாக நின்று சிரித்தேன். கண்ணீர் வேறு வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

சர்வேயரைக் காணோம். நெருக்கத்தில் அவரால் இறங்க முடியாமல் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். "நீங்கள் என்னைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டீர்கள்" என்றார். எதிர்ப்பக்கம் போய் பஸ் பிடித்தார்.

சனிக்கிழமை புதுக் காலைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி மடக்கு நாற்காலி, மறுபடி ஆஹா ரே. மூன்று வாரம் கழித்துத் தடித்த கவர் வந்தது. என் வீட்டுக்காரர்தான் பிரித்தார். பணம் தர ஒப்புக்கொண்ட கடிதம் மேலே, சர்வேயரின் அறிக்கை கீழே. இங்கிலீஷில் இருந்ததை அவர் நின்றபடியே தமிழில் படித்துச் சொன்னார்.

"இந்த அம்மா பஸ்ஸ விட்டு இறங்கறத நேர்ல பாத்தேன். கண்டக்டருக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. மத்த பொம்பளங்களத் திட்டற மாதிரியே இவங்களையும் சீக்கிரம் இறங்கச் சொல்லித் திட்டினாரு. வேலைக்குப் போய்வர இந்தக் கால் அவசியம்."

அவர் கடிதத்தை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க. அந்தத் திட்டின வரிய இன்னொரு தடவ படிங்க" என்றேன்.