பச்சைமலையில் பன்னிரண்டு டிகிரி

திருச்சியில் கடிகாரக்கடை குத்புதீனைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் தேடினால் கிடைக்கமாட்டான். வேறெங்கும் தேட வேண்டாம், நான் இருக்கிறேன். என் பெயர் ரெங்கராஜ். ஸ்ரீரங்கத்தில் வீடு, கண்டோன்மென்டில் சர்வே ஆபீஸில் படம் வரையும் உத்தியோகம். அந்த மனிதனைப் பார்த்து நான் வயிறு எரிந்தது போல இந்த ஊரில் யாரும் யாரைப் பார்த்தும் எரிந்திருக்கமாட்டார்கள். அதனால் அவன் கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆளும் கிடையாது.

பெரிய கடைவீதியில் இருந்து பிரியும் ஒரு சந்தில் அவன் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. குள்ளமாக, தொப்பையோடு, எந்நேரமும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடிகாரத்தோடு எங்கள் ஆபீஸ் காம்பஸ்களையும் அவன்தான் பழுது பார்ப்பான். முள் மாட்டிக்கொண்டாலும், கண்ணாடி உடைந்தாலும் அவனிடம்தான் போகும்.

எங்கள் சூப்பிரண்டு துரைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வருடா வருடம் தை மாதத்தில் பச்சைமலை அடிவாரத்தில் திசைப் பந்தயம் வைப்பார். காட்டுக்குள் பத்து இடத்தில் சிவப்புக் கொடி. ஒவ்வொரு கொடிக்கும் அடியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ரப்பர் ஸ்டாம்பு. கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ், ஒரு அட்டை. பாதை கிடையாது. மேப்பைப் பார்த்து, திசை பிடித்து, பத்துக் கொடியையும் வரிசையாகக் கண்டுபிடித்து அட்டையில் குத்திக்கொண்டு முதலில் வருபவனுக்கு வெள்ளிக் கப்பு. ஆபீஸ் ஆட்களும் பாரஸ்ட் கார்டுகளும் ஓடுவார்கள். ஒருநாள் காம்பஸைத் திருப்பித் தர வந்த குத்புதீனிடம் துரை, "ரிப்பேர் பண்ணுகிறாயே, உபயோகிக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்விதான் என் தலையில் இடியாக விழுந்தது. முப்பத்தைந்தாம் வருஷம் அவனும் ஓட வந்துவிட்டான்.

ஓட என்றா சொன்னேன்? அவன் ஓடவே மாட்டான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடப்பான். கையில் ஒரு பாசிமணிச் சரம். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவான். தொழுகைக்கு எண்ணுகிற தஸ்பீஹா என்று யாரோ கேட்டதற்கு, "அது வேறங்க, அது வீட்ல இருக்கு. இது காட்டுக் கணக்கு" என்றான். நான் மூச்சிரைக்க ஓடிக் கொடியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவேன். அவனுக்குக் கொடி எத்தனையாவது மணியில் இருக்கிறது என்று தெரியும். அங்கே போய் நிற்பான். கொடியும் இருக்கும்.

நான்கு வருஷம் தொடர்ந்து அவனுக்கே கப்பு. நான்கு வருஷமும் இரண்டாவது நான். அந்த மேப்பின் கோடுகளில் பாதி என் கையால் வரைந்தவை, தெரியுமா? ஒரு மேட்டைப் பார்த்தாலே அது தாளில் எப்படி விழும் என்று சொல்லுவேன். மெட்ரிகுலேஷன் தேறியவன். எட்டு வருஷ சர்வீஸ். எனக்கு முன்னால் ஒரு தொப்பை போய்க்கொண்டிருக்கும். பார்க்கச் சகிக்குமா? வீட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால், என் மனைவி சந்திரம்மாள், "பாய் பார்த்துக் குடுத்த கடிகாரம்தாங்க இந்த வீட்லயே நேரத்துக்கு நடக்குது" என்பாள். வேண்டுமென்றே சொல்லமாட்டாள். அதுதான் இன்னும் எரியும்.

அவன் கடைக்கு முன்னால் சைக்கிளை மெதுவாக்கி, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போவேன். கூட்டம் இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவன் தலை நிமிர்ந்து, "வாங்கண்ணே, டீ சாப்பிட்டுப் போகலாம்" என்று கூப்பிடுவான். நேரமில்லை என்று மிதிப்பேன்.

முப்பத்தொன்பது தையில் எப்படியும் ஜெயித்தாக வேண்டும் என்று முடிவு கட்டினேன். அம்மா மண்டபம் பக்கத்தில் ஒரு ஜோசியரிடம் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கட்டங்களை எண்ணிவிட்டு, "ஏழரைச் சனி நடக்குது. எவ்வளவு பாடுபட்டாலும் பலன் பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் போகும்" என்றார். என் வாழ்க்கையை இத்தனை சரியாக யாரும் சொன்னதில்லை. கறுப்புக் குதிரையின் லாடத்தில் மோதிரம் செய்து, சனிக்கிழமையில் வலது கை நடுவிரலில் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஜட்கா ஸ்டாண்டில் கெஞ்சி லாடம் வாங்கி, கொல்லனிடம் கொடுத்து மோதிரமும் செய்து போட்டுக்கொண்டேன். அதே வாரம் என் காம்பஸும் குத்புதீன் கடையில் கண்ணாடி மாற்றித் திரும்பி வந்தது.

துறையூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரம் சேர்ந்தோம். பந்தயம் தொடங்குமுன் சர்வேக்காரன் பழக்கப்படி மடியைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்து வைத்தேன். பேனாக்கத்தியை எடுத்து வைத்தேன். காம்பஸ் பக்கத்தில் இரும்பு ஆகாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. மோதிரத்தைக் கழற்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு இரும்பாகவே படவில்லை. கிரகமாகத்தான் பட்டது.

முதல் கொடி ஓடைக்கரையிலேயே இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதில் ஆரம்பித்தது சனியன். முள் காட்டிய திசையில் உசிலமரக் கூட்டத்துக்குள் நேராகப் போனேன். கொடி இல்லை. முக்கால் பர்லாங்கு வலப்பக்கம் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் கிடைத்தது. மூன்றாவது கொடி இடப்பக்கம் தள்ளி. ஒரே பக்கமாகத் தப்பினாலாவது கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். இது திசைக்கு ஒரு தப்பு காட்டியது. ஐந்தாவது கொடிக்குப் போகையில் சூரைமுள் புதருக்குள் மாட்டிக்கொண்டு சட்டை கிழிந்தது. கைகால் எல்லாம் ரத்தம். மேட்டின் மேல் கைலியும் தொப்பையும் போய்க்கொண்டிருந்தன.

அவன் நின்று என்னைப் பார்த்தான். "அண்ணே, அந்தப் பக்கம் இல்லீங்க! ஓடையத் தாண்டி இந்தப் பக்கமா வாங்க!" என்று கத்தினான்.

போட்டியில் எவனாவது எதிராளிக்கு வழி சொல்லுவானா? ஏமாற்றப் பார்க்கிறான் என்று அவன் சொன்னதற்கு நேரெதிராக நடந்தேன். மூங்கில் புதரில் போய் முட்டிக்கொண்டேன். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதாவது, விளங்கியதாக நினைத்தேன். காம்பஸ் எங்கே போய் வந்தது? அவன் கடைக்கு. கண்ணாடி மாற்றுகிற சாக்கில் முள்ளில் ஏதோ செய்துவிட்டான் படுபாவி!

அதற்கப்புறம் காம்பஸை நம்பாமல் ஓடையையும் மேட்டையும் பார்த்துப் பேய் மாதிரி ஓடினேன். மிச்சக் கொடிகளைப் பிடித்துக் கூடாரத்துக்கு வந்தபோது அவன் வந்து எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. மறுபடியும் இரண்டாவது.

துரையின் முன்னால் போய் நின்று கத்தினேன். "இந்த ஆள் என் காம்பஸைக் கெடுத்துக் கொடுத்துவிட்டார். ஏமாற்றித்தான் ஜெயித்திருக்கிறார்" என்றேன். எல்லோரும் கூடிவிட்டார்கள். கூடாரத்திலிருந்து எதிரே இருந்த பாறை உச்சி சரியாகத் தொண்ணூறு டிகிரி, அதை அளந்தவனே நான். காம்பஸை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். துரை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எழுபத்தெட்டு காட்டியது. பன்னிரண்டு டிகிரி தப்பு.

குத்புதீன் கிட்டே வந்தான். காம்பஸைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு துரையின் பக்கம் திரும்பினான்.

"என் கடையிலேர்ந்து போன சாமாங்க. கோளாறுன்னா பொறுப்பு எனக்குத்தான்" என்றான்.

அவ்வளவுதான். கப்பு என் கைக்கு வந்தது. இனி ஆபீஸ் சாமான் எதுவும் அந்தக் கடைக்குப் போகக்கூடாது என்று உத்தரவானது. காம்பஸில் கை வைத்தவன் கடிகாரத்தில் வைக்கமாட்டானா என்று ஊரும் பேசியது. கடை முன்னால் கூட்டம் குறைந்தது. எண்ணிப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போனேன். ஒருநாள் இரண்டு பேர். மறுநாள் யாருமில்லை. தலைமை டிராப்ட்ஸ்மேன் இடம் காலியாக இருந்தது, அதற்கு என் பேர் அடிபட்டது. சனி விலகிவிட்டது என்று ஜோசியருக்குத் தேங்காய் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு மேஜையில் கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்தக் காம்பஸ் கிடந்தது. துணியை எடுக்கக் கையை நீட்டினேன், முள் அசைந்தது. கையை இழுத்தேன், முள் திரும்பிப் போனது. மறுபடி நீட்டினேன். நாய்க்குட்டி மாதிரி என் நடுவிரல் பின்னாலேயே வந்தது. மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். முள் வடக்கைப் பார்த்துக்கொண்டு சாதுவாக நின்றது.

சந்திரம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பாய் மேல தப்பே இல்லீங்களா?" என்றாள். "அந்த மனுஷன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நேராகக் கடைக்குப் போனேன். கடையில் ஈ காக்கை இல்லை. அவன் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"பாய், அன்னிக்கு என் கையில மோதிரத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

"இரும்புன்னு தெரியுமா?"

"லாடம்னே தெரியும்ணே. தினம் இரும்போட கிடக்கிறவன், எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன்யா வாயைத் திறக்கல?" கத்திவிட்டேன். தப்பு செய்தவன் நான், கத்தியவனும் நான்.

அவன் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நாலு வருஷமா நீங்க என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே, எனக்கு பயம்ணே. தினம் கடை வாசல்ல சைக்கிளை மெதுவாக்கி எண்ணிட்டுப் போவீங்க, தெரியாதுன்னா நினைச்சீங்க? போன வருஷம் கப்பு வாங்கின மறுவாரம் என் பொண்ணு ஆபிதாவுக்கு டைபாய்டு. இருபத்தொரு நாள். எங்க வீட்ல நஜ்முன்னிசா, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுங்க, அந்தக் கப்பு நமக்கு வேணாம், அவருக்கே போகட்டும்னு அழுதா. அன்னிக்கு மோதிரத்தைப் பார்த்ததும் அவ சொன்னதுதான் நினைப்பு வந்துச்சு. ஒருதடவை நீங்க வாங்கிட்டீங்கன்னா எங்களை விட்ருவீங்கன்னு பார்த்தேன். கடைக்கு இப்படி ஆவும்னு நினைக்கலே."

நான் என்னமோ என் வயிற்றெரிச்சல் என் வயிற்றோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பமே அதற்குப் பயந்து உட்கார்ந்திருந்திருக்கிறது.

திங்கட்கிழமை துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மோதிரத்தை மேஜையில் வைத்து, காம்பஸை வைத்து, முள்ளை ஆட்டியே காட்டினேன். வெளியே வருவதற்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து மேஜை கிளமென்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! சர்வே சங்கிலி பிடிக்கிறவனுக்குக்கூடத் தெரியுமேய்யா, இரும்பைப் போட்டுக்கிட்டா காம்பஸ் பார்த்தீங்க?" என்றான். தலைமை டிராப்ட்ஸ்மேன் இடம் அவனுக்கே போனது. சரி, போகட்டும். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது வேறு. மத்தியானத்துக்குள் ஆபீஸில் ஒரே பேச்சு. "பாய் எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருய்யா! தெரிஞ்சும் வாயைத் திறக்கல. பழியைத் தான் ஏத்துக்கிட்டாரே!" துரையே காம்பஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார். உண்மையைச் சொன்னவன் நான். மானம் போனவன் நான். உத்தியோக உயர்வு போனவனும் நான். பேர் அவனுக்கு! இதிலும் நான் இரண்டாவது.

சாயங்காலம் கப்பை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கடை முன்னால் ஏழு பேர் நின்றார்கள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. குத்புதீன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, யாரு செய்வா இதை? வாங்க, உட்காருங்க. ஆபிதா, அண்ணனுக்கு டீ கொண்டாரச் சொல்லும்மா" என்றான். திரையை விலக்கிக்கொண்டு நாலு வயசுக் குழந்தை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்து, குழந்தையின் முகத்தை மூடி உள்ளே இழுத்துக்கொண்டது.

குத்புதீனுக்கு முகம் சுருங்கிப்போனது. "அவ ஒரு பைத்தியக்காரிங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றான். இல்லை பாய், அவங்க செஞ்சதுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஏனென்றால் கப்பை அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்திலும் எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.