தேவராஜன் போட்ட ஒரே கோல்

செய்தி வந்தபோது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ரெஃப்ரீகளின் வாட்ஸ்அப் குழுவில், ஞாயிற்றுக்கிழமை யாருக்கு எந்த மைதானம் என்ற பட்டியலுக்குக் கீழே ஒரே வரி: "நம்ம தேவராஜ் சார் தவறிட்டாரு." சிறுநீரகம் கெட்டு, பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்து நான்கு மாதமாகியிருந்தது. தெரிந்த முடிவுதான். ஆனாலும் காஞ்சிபுரம் நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்கவில்லை. நடத்துநர் வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது.

உங்களில் பலருக்கு அவர் ரெஃப்ரீ சார். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்கு, சேலை டிசைனுக்கு அட்டையில் துளை குத்திக் கொடுப்பவர். எனக்கு அவன் தேவா. ஒரே வயது, ஒரே இடம். நான் ஓர் அணியின் கோல்கீப்பர், அவன் எதிரணியின் கோல்கீப்பர்.

கோல்கீப்பர் கோல் போட முடியுமா என்று அவனிடம் யாராவது கேட்டுவிட்டால் டீ ஆறிவிடும். கையில் பிடித்த பந்தை உதைத்து அது நேராக எதிர் கோலுக்குள் விழுந்தால் கோல் என்பான். பெனால்டியை அவனே அடிக்கலாம், கடைசி நிமிடக் கார்னருக்கு ஓடிப்போய்த் தலையால் முட்டலாம் என்பான். கையால் எறிந்து நேராகப் போனால் மட்டும் கிடையாது. "முன்ன அதுவும் உண்டு. மாத்திட்டாங்க" என்று ஏதோ சொத்து பறிபோனதுபோல் சொல்வான். கடைசியில் ஒன்று சேர்ப்பான்: "கோல்கீப்பர் கோல் போடக் கூடாதுன்னு ரூல் புக்குல எங்கயும் இல்லபா. நாமதான் அங்கயே நின்னுக்கினு இருக்கோம்."

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம். எங்கள் இரு அணிகளும் மோதின. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்தது. கோல்கீப்பர் ஒருவர் போதும், ஜெயிக்கிற அணியிலிருந்து எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். இரு பக்கமும் கோல் இல்லை. எங்கள் ஆள் ஆஃப்சைடு போனதால் அவர்கள் பகுதியில் அவர்களுக்கு ஃப்ரீ கிக். இன்டைரக்ட். அதாவது உதைத்தவரைத் தவிர வேறு யாராவது ஒருவர் மேல் பந்து பட்ட பிறகு உள்ளே போனால்தான் கோல். யார்மேலும் படாமல் போனால் இல்லை. தேவாதான் உதைத்தான். ஆடிக் காற்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தது. பந்து மைதானம் முழுக்கப் பறந்துவந்து எனக்கு முன்னால் குத்தித் தலைக்கு மேல் எழும்பியது. விட்டுவிட்டால் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கோல்கீப்பரின் கை கேட்காது. தூக்கிவிட்டேன். வலது சுண்டு விரலில் பட்டது. பந்து உள்ளே போனது.

ரெஃப்ரீ மைதானத்தின் நடுவில் இருந்தார். அவருக்குத் தெரியவில்லை. ஓடிவந்து, "பட்டுச்சா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். அதற்குள் தேவாவும் வந்துவிட்டான். கத்தவில்லை. என் கையைப் பார்த்தான்.

"கொமாரு, பட்டுச்சாபா?"

"படல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் கோலுக்குத் திரும்பி ஓடினான். அவ்வளவு தூரமும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டைபிரேக்கரில் நாங்கள் ஜெயித்தோம். வேலை எனக்குக் கிடைத்தது. அவன் அட்டையில் துளை குத்தும் வேலைக்கே திரும்பினான். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதும் அவன்தான்.

பிறகு இருவரும் ரெஃப்ரீ ஆனோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் முசரவாக்கத்தில் பெண் பிள்ளைகளின் ஆட்டம். அவன் விசில், நான் லைன்ஸ்மேன். ஒரு கோல்கீப்பர் பெண் உதைத்த கோல் கிக், காற்றில் போய் எதிர் கோலுக்குள் உருண்டது. எதிரணியின் கோச் உள்ளே ஓடிவந்தார்.

"கோல் கிக்குல கோலா? இன்னாபா ரூல் இது?"

"எல்லா ஊருக்கும் இதான் சார் ரூல். தன் கோலுக்குள்ளயே உதச்சிக்கினாதான் கோல் இல்ல. எதிர் கோலுக்குள்ள போனா கோல்தான்."

அந்தப் பெண் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து மிரண்டு நின்றாள். தேவா அவளிடம் போய், "போட்டது நீதாம்மா. கைய தூக்கு" என்றான். அவள் தூக்கினாள். அவன் முகம் அன்றுபோல் மலர்ந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் சின்ன காஞ்சிபுரத்தில் டீ குடிக்க நின்றோம். "நமக்கு இது ஒன்னு வாய்க்கலபா" என்றான், சிரித்துக்கொண்டே.

"வாய்ச்சிது தேவா. அன்னிக்கி என் வெரல்ல பட்டுச்சி."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பாதி டீ அப்படியே இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. அவன் தெருவுக்கு இரண்டு முறை போய், வாசல் வரை சென்று திரும்பினேன். பிறகு ஒருநாள் அவனே போன் செய்தான். "ஞாயித்துக்கெழம லைன்ஸ்மேன் இல்ல. கொடி எடுத்துக்கினு வந்துடு."

ஆட்டத்துக்கு முன் ஷூ கட்டும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "கோலு போனது கூட இல்லபா. வேலயும் இல்ல. நான் கேட்டன், நீ படலன்னு சொன்ன, நான் நம்பிட்டு ஓடனன். அதான் தொண்டையில நிக்குது."

"எல்லார்கிட்டயும் சொல்லிடட்டா?" என்றேன்.

"நான் உயிரோட இருக்கசொல்ல வேணாம். பாவம்னு பாப்பாங்க."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இந்த நாட்களில் தோன்றுகிறது. டயாலிசிஸ் நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்கோ ஒரு கோல்கீப்பர் தலையால் முட்டிக் கோல் போட்டதைப் போனில் காட்டுவான். கேட்க வாயெடுப்பேன். அவன் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவான்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி செல்வி, "ஒரு கோல் கூட போட்டதில்லன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. மூணு வருஷமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று சொல்லி, அதுவரை அழாதவள் அழுதாள்.

அவனை அறிந்த உங்களுக்கும் இப்போது தெரியவேண்டும். அந்தப் பந்து என்மேல் பட்டது. அது கோல். போட்டவன் தேவராஜன். அந்தக் கோப்பையும் அந்த வேலையும் அவனுடையவை. திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.

அவன் திரும்பக் கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. ஆஃப்சைடு என்று நான் கொடியைத் தூக்கினேன். கூட்டம் கொதித்தது. நான் சொன்னால் நம்பக்கூடாது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே மனிதன் அவன். என் கொடியைப் பார்த்தான். கிட்டே வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலை ஊதிக் கோல் இல்லை என்று கையைத் தூக்கினான். அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த விசில் சத்தம்தான்.