கிளிப்பச்சை முட்டை

கோத்தா திங்கிப் பக்கம் நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தோட்டத்தில், பச்சை முட்டை இடும் கோழி என்னிடம் மட்டும்தான் இருந்தது. கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, கொடுத்த குஞ்சுகள் அவை. அவர் மனைவியின் பிரசவத்துக்கு நான் துணையிருந்தேன், அதற்காகக் கொடுத்தார். அவை முதன்முதலில் முட்டையிட்டபோது நானே பயந்துபோனேன். ஒன்று வெளிர்நீலத்தில் இட்டது, இன்னொன்று பாசி நிறத்தில். காலெல்லாம் இறகு முளைத்த கறுப்பி இட்டதோ நல்ல கிளிப்பச்சை. உடைத்தால் உள்ளே வழக்கமான மஞ்சள் கருதான்.

எங்களை வேலை வாங்கிய கங்காணியின் மனைவிக்குக் கறுப்பி மேல் ஒரு கண். அவள் வீட்டில் கோழிக்குக் குறைச்சலில்லை. எல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி தொழிலாளிகளின் லயத்து வீடுகளிலிருந்து போனவை.

"கறுப்பியக் கொண்டாந்து நம்ம வீட்டுல விட்டுரு" என்றாள்.

"சேவல் வேணும்னா எடுத்துக்குங்க கங்காணியம்மா. அவள மட்டும் தர மாட்டேன்."

மறுநாளே குழாயடியில் ஆரம்பித்துவிட்டாள். "அது முட்டையா? செய்வினை! அந்த முட்டை எந்த வீட்டுல வருதோ, அந்த வீடு வெளங்காது." அந்த வாரம் பார்த்து லயத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. போதாதா? கங்காணி இரண்டு ஆட்களோடு வந்து, என் கண் முன்னால் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினார். கறுப்பி என்னைப் பார்த்துக் கத்தினாள். குழம்பு வைக்கக்கூட விடாமல் ஆற்றோரம் புதைத்துவிட்டார்கள்.

"பேசாம இரு. வேலையிலேருந்து நம்ம பேர வெட்டிருவாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

அரிசிப் பானைக்குள் கறுப்பியின் முட்டைகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. கங்காணிக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வந்து, அடைக்கூடையில் தானே கைவிட்டு, சூடாக ஒரு முட்டையை எடுத்து அப்படியே குடிப்பார். ஒருநாள் விடியுமுன் அவர் மனைவி குழாயடிக்குப் போன சமயம், அந்தக் கூடையில் என் முட்டைகளை வைத்துவிட்டு வந்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அன்று வேலைக்குப் போகவில்லை. அவர் போடப்போகும் சத்தத்தை நான் கேட்க வேண்டாமா?

"ஐயோ, பச்ச முட்டை!" என்று அவர் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது.

"அவ கொண்டாந்து வச்சதுங்க!" என்று மனைவி என்னைக் கைகாட்டினாள்.

"அவ கோழியெல்லாம் நான்தானே கொன்னேன்? முட்டை எங்கேருந்துடி வரும்?"

"அது வெறும் முட்டைதாங்க, ஒண்ணும் செய்யாது…"

"நீதானடி சொன்னே, வீடு வெளங்காதுன்னு!"

அந்த ஞாயிறே முனியாண்டி கோயிலில் பரிகாரம். அவள் ஆசை ஆசையாய்ச் சேர்த்த கோழிகள் ஒன்றுவிடாமல் பலிக்குப் போயின. தோஷம் தீர வேண்டுமென்றால் வீட்டுக்காரியே எல்லோருக்கும் கறிச்சோறு பரிமாற வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். வாளியோடு என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

"ஈரல் இருந்தா பாத்துப் போடுங்க, கங்காணியம்மா" என்றேன்.

குனிந்து, தேடி எடுத்துப் போட்டாள்.